மாத்தளைக் கல்லும் மூலகங்களின் வரிசையும்

மாத்தளை மாவட்டத்தில் ஓவல, கைகாவல என்னும் ஊர்ப்புறங்களில் வெளிறிய நிறமுடைய ஒருவகைக் கல் நிலத்தினின்று எடுக்கப்பட்டு வந்துள்ளது. பெல்ஸ்பார் என்பது அதன் பெயர். பீங்கான் செய்வோர்க்கு அது இன்றியமையாத பொருள். அதே மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல்லை எரிக்கும் சூளைகளும் உள்ளன. பொலன்னறுவை மாவட்டத்தை ஒட்டிய எல்லைப்புறத்தில், எலஹெர என்னும் பகுதியில், நீலக்கல் முதலிய மணிகள் ஆற்றுப் படுகைகளினின்று அகழப்படுகின்றன. பீங்கான் கல், சுண்ணாம்புக்கல், நீலக்கல் ஆகிய இம்மூன்றுக்கும் தம்முள் உறவு யாதும் இல்லையென்றே எவரும் எண்ணுவர். ஆயினும் பாடசாலைச் சுவரில் தொங்கும் மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணை எவ்வாறு அமைந்தது என்பதை விளக்குவதற்கு இம்மூன்று கற்களே போதியவை.

உலகிலுள்ள பொருள்கள் எண்ணிறந்தவை. அவற்றை ஆக்கும் மூலகங்களோ சில. இன்று பெயரிடப்பட்டுள்ளவை 118. உருசியப் பேரறிஞர் திமீத்ரி மென்டலீவ் 1869ஆம் ஆண்டில் தமது அட்டவணையை வெளியிட்டபோது அறியப்பட்டிருந்தவை 63 மட்டுமே. அவற்றை எந்த ஒழுங்கில் நிறுத்துவது என்பதே அக்காலத்து இரசாயன அறிஞர்களின் பெரும் வினாவாயிருந்தது. அணுநிறையின்படி, இலேசானதை முதலிலும் பாரமானதை இறுதியிலும் வைப்பது ஒரு வழி. குணத்தால் ஒத்தவற்றை ஓரினமாகக் கூட்டிவைப்பது மற்றொரு வழி. இவ்விரு வழிகளும் ஒன்றையொன்று தழுவிச் செல்லும் என்று கண்டதே அந்நூற்றாண்டின் அரும்பெரும் கண்டுபிடிப்பாகும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த நியூலன்ட்ஸ் என்பார் 1865ஆம் ஆண்டில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். நிறை வரிசையில் மூலகங்களை நிறுத்தினால், எட்டாவதாக வருவது முதலாவதன் குணத்தையே பெற்றிருக்கிறது என்றார். சட்சம் முதல் நிஷாதம் வரை ஏழு சுரங்கள் பாடியபின் எட்டாவதாக மேற்சட்சம் வருவது போன்றது இது. அக்காலத்து அறிஞர் அவரை நகையாடினர். அகரவரிசையில் மூலகங்களை அடுக்கிப் பார்த்ததுண்டா என்று ஒருவர் வினவினாராம். நியூலன்ட்சின் எண்ணத்தில் உண்மை இருந்தது. எனினும் எட்டு என்னும் அளவு பாரமான மூலகங்களுக்குப் பொருந்தவில்லை. தமிழில் இவ்வட்டவணைக்கு வழங்கும் ஆவர்த்தனம் என்னும் சொல்லோ மிகப் பொருத்தமானது. தாளத்தின் ஒரு சுற்று முடிந்து மீண்டும் சமத்துக்கு வருவதை ஆவர்த்தனம் என்பர் இசைவாணர். மூலகங்களும் அவ்வாறே சுற்றிச் சுற்றி வருகின்றன. ஆனால் இத்தாளத்தின் சுற்றுகள் ஒரே அளவினவல்ல. முதற் சுற்றில் 2, அடுத்த இரண்டிலும் எவ்வெட்டு, பின்னிரண்டில் பதினெட்டுப் பதினெட்டு, கடைசி இரண்டில் முப்பத்திரண்டு முப்பத்திரண்டு என அவை நீண்டு செல்கின்றன. குறுக்கே செல்லும் இவ்வரிசைகள் ஏழும் ஆவர்த்தனங்கள். மேலிருந்து கீழாக நிற்கும் நிரல்கள் பதினெட்டும் கூட்டங்கள்.

மென்டலீவின் துணிவு ஓர் இடத்தில் தனித்து விளங்குகிறது. இனத்தோடு இனம் சேராத இடங்களில் அவர் வெற்றுக் கட்டங்களை விட்டார். அங்கே இருக்கவேண்டிய மூலகம் இன்னும் அகப்படவில்லை என்றார். 1871இல் அத்தகைய மூன்றின் குணங்களை முன்கூட்டியே எழுதிவைத்தார். அலுமினியத்தின் கீழ் வரவேண்டியதற்கு ஏகஅலுமினியம் எனப் பெயரிட்டார். ஒன்று எனப் பொருள்படும் ஏக என்னும் வடசொல்லையே அவர் எடுத்தாண்டார். 1875இல் பிரெஞ்சு அறிஞர் ஒருவர் அம்மூலகத்தைக் கண்டு கலியம் எனப் பெயரிட்டார். அதன் அடர்த்தி 4.7 என்று அவர் அளந்தார். அதைக் கண்ணாலும் காணாத மென்டலீவ், அடர்த்தி 5.9 அளவில் இருக்கவேண்டும், மீண்டும் அளந்து பாரும் என்று எழுதினார். தூய்மை செய்து அளந்தபோது 5.9 என்றே கிடைத்தது.

எலஹெரவின் நீலக்கல் இங்கே சான்று பகர்கிறது. நீலக்கல் என்பது அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த பளிங்கு. சிறிதளவு இரும்பும் தைத்தேனியமும் கலந்திருப்பதால் அது நீலமாகிறது. அதனுள் மிக நுண்ணிய அளவில் கலியமும் உண்டு. அலுமினியம் அமரவேண்டிய ஆசனத்தில், அதே கூட்டத்தைச் சேர்ந்த கலியம் வந்து அமர்ந்துகொள்கிறது. மென்டலீவ் தாளில் வரைந்த உறவை, அவருக்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே கல் அறிந்திருந்தது எனலாம்.

சுண்ணாம்புக்கல்லும் இதே பாடத்தைக் கற்பிக்கிறது. மாத்தளைச் சுண்ணாம்புக்கல்லிற் பெரும்பகுதி தொலமைற்று வகையைச் சேர்ந்தது. கல்சியத்தோடு மகனீசியமும் அதில் உண்டு. அட்டவணையில் மகனீசியத்தின் நேர் கீழே நிற்பது கல்சியம். அதன் கீழே ஸ்ரொன்சியம். அதன் கீழே பேரியம். தேயிலைத் தோட்டத்து மண்ணின் அமிலத்தன்மையைத் தணிப்பதற்குத் தொலமைற்றுப் பொடியைத் தூவுகிறார்களே, அங்கும் இவ்விரு உடன்பிறப்புகளே பணிபுரிகின்றன.

ஆனால் இவ்வுறவு நன்மைக்கு மட்டும் துணைபோவதில்லை. எலும்புக்கும் பல்லுக்கும் கல்சியம் வேண்டும். அதன் அடுத்த கட்டத்து ஸ்ரொன்சியம் வந்தால் உடல் அதனை அயலானென்று முற்றாக விலக்குவதில்லை. கல்சியத்தின் இடத்திலேயே அதனையும் வைத்துக் கட்டிவிடுகிறது. இயற்கை ஸ்ரொன்சியத்தால் பெருந்தீங்கு இல்லை. 1950களில் வல்லரசுகள் வானவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தபோதோ, கதிர்வீசும் ஸ்ரொன்சியம் 90 காற்றிற் பரவிப் புல்லில் வீழ்ந்தது. புல்லிலிருந்து பசுவின் பாலுக்கும், பாலிலிருந்து குழந்தையின் எலும்புக்கும் சென்றது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958ஆம் ஆண்டின் இறுதி முதல் குழந்தைகளின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து ஆராய்ந்தனர். ஆண்டு செல்லச் செல்லப் பிறந்த குழந்தைகளின் பற்களில் அதன் அளவு கூடியிருப்பதைக் கண்டனர். 1963இல் அமெரிக்கா, பிரித்தானியா, சோவியத் ஒன்றியம் ஆகிய மூன்றும் வானவெளிச் சோதனைகளை நிறுத்த உடன்பட்டதற்கு இத்தகைய அச்சமும் ஒரு காரணமாயிற்று. அட்டவணையின் ஒரு நிரலில் இரு பெயர்கள் மேலும் கீழுமாக நிற்பது, குழந்தையின் எலும்புவரை செல்லும் செய்தியாகும்.

இனி ஓவலவின் பெல்ஸ்பாருக்கு வருவோம். அதில் அடங்கியவை பொற்றாசியம், அலுமினியம், சிலிக்கன், ஒட்சிசன். தூய பொற்றாசிய பெல்ஸ்பாரின் நூறு பங்கில் ஏறத்தாழ 14 பங்கு பொற்றாசியம். விறகுச் சாம்பலிலும் உள்ள இம்மூலகத்தை 1807இல் ஹம்பிரி டேவி மின்னாற்றலால் முதன்முறை பிரித்தெடுத்தார். நீர் பட்டவுடன் தீப்பற்றி ஓடும் மென்மையான உலோகம் அது. சோடியமும் அத்தகையதே. ஆகவே சோடியத்தின் கீழே பொற்றாசியம் நிற்பது முறை.

இந்த முறைக்குத்தான் 1894இல் பெரும் இடர் நேர்ந்தது. ரெய்லி பிரபுவும் வில்லியம் ராம்சேயும் காற்றில் மறைந்திருந்த ஒரு வாயுவைக் கண்டனர். எதனோடும் சேராத அச்சோம்பல் வாயுவுக்கு ஆகன் எனப் பெயரிட்டனர். காற்றில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு அது உண்டு. அதன் அணுநிறை 39.9, பொற்றாசியத்தினதோ 39.1. நிறை வரிசையே சட்டமாயின், முதலிற் பொற்றாசியமும் பின்னர் ஆகனும் வரவேண்டும். அவ்வாறு வைத்தால், நீரிற் பட்டாலே எரியும் பொற்றாசியம் எதற்கும் அசையாத வாயுக்களின் கூட்டத்தில் அமரும். அசையாத ஆகன் சோடியத்தின் கீழே போய் நிற்கும். மென்டலீவே இவ்வாயுவை ஒரு மூலகமென ஏற்கத் தயங்கினார். மூவணு கொண்ட நைதரசனாக இருக்கலாமோ என எண்ணினார். தெலூரியம், அயடீன் ஆகியவற்றிலும் இதே முரண் இருந்தது. அறிஞர்கள் குணத்தை மதித்து நிறையை மீறினர். சட்டத்தை மீறுவதற்கு உரிமை தந்தது யாது என்பதற்கு மட்டும் எவரிடமும் விடை இல்லை.

விடை 1913இல் வந்தது. ஹென்றி மோஸ்லி என்னும் ஆங்கில இளைஞர் ஒவ்வொரு மூலகத்தினின்றும் எழும் எக்ஸ் கதிர்களை அளந்தார். மூலகத்திலிருந்து மூலகத்துக்கு அக்கதிரின் அதிர்வு ஒழுங்கான படியாக ஏறிச்செல்வதைக் கண்டார். ஒவ்வொரு படிக்கும் ஓர் எண் உண்டு, அதுவே அணுவெண். அணுவின் கருவில் எத்தனை புரோத்தன்கள் உள்ளனவோ அத்தனையே அவ்வெண். குளோரீன் 17ஆம் படியில் நின்றது. பொற்றாசியம் 19இல் நின்றது. இடையிலுள்ள 18ஆம் படி ஆகனுக்கே உரியது. இருபது ஆண்டுக் குழப்பம் தீர்ந்தது. அதைத் தீர்த்தவரோ 1915 ஆகஸ்டில், தமது இருபத்தேழாம் வயதில், கலிப்பொலிப் போர்க்களத்தில் குண்டுபட்டு மாண்டார்.

ஆவர்த்தனம் ஏன் மீண்டும் மீண்டும் வருகிறது என்பதும் இதனால் விளங்கலாயிற்று. கருவில் உள்ள புரோத்தன்களின் அளவுக்கே வெளியில் இலத்திரன்கள் உண்டு. அவை அடுக்கடுக்காக அமைகின்றன. சோடியத்தின் 11 இலத்திரன்கள் 2, 8, 1 என நிற்கும். ஆகனின் 18உம் 2, 8, 8 என நிறைவுபெற்று நிற்கும். பொற்றாசியத்தின் 19உம் 2, 8, 8, 1 ஆகும். கல்சியத்தின் 20உம் 2, 8, 8, 2 ஆகும். புறத்தே நிற்கும் இலத்திரன்களே பிற அணுக்களோடு கைகோப்பவை. சோடியத்துக்கும் பொற்றாசியத்துக்கும் வெளியே நிற்பது ஒன்றே. ஆகவே குணமும் ஒன்று.

ஒரு கேள்வி எஞ்சுகிறது. எண்ணில் முந்திய ஆகன் நிறையில் மிஞ்சியது எப்படி? விடை பெல்ஸ்பாரிலேயே இருக்கிறது. பொற்றாசியத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே நிறையுடையனவல்ல. நூற்றுக்கு 93 அளவில் நிறை 39 உடையவை. எஞ்சியவற்றில் மிகப்பல 41 உடையவை. பத்தாயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல் 40 நிறையுடையது. இந்தப் பொற்றாசியம் 40 நிலையற்றது. 125 கோடி ஆண்டுகளில் அது பாதியாகக் குறையும். அழியும் அணுக்களில் பத்தில் ஒன்பது பங்கு அளவு 20ஆம் படியேறிக் கல்சியமாகும். எஞ்சியவை தம் இலத்திரன் ஒன்றைக் கருவுக்குள் ஈர்த்துக்கொண்டு 18ஆம் படிக்கு இறங்கி ஆகனாகும். நிறை மட்டும் 40ஆகவே நிற்கும். 1937இல் ஜெர்மானிய அறிஞர் வைட்சேக்கர் இவ்வாறு நிகழலாமென உய்த்துணர்ந்தார். 1948இல் அமெரிக்க அறிஞர் இருவர் பொற்றாசியம் செறிந்த பழங்கற்களுள் அந்த ஆகன் அடைபட்டிருப்பதைக் காட்டினர்.

இன்று காற்றிலுள்ள ஆகனில் ஆயிரத்துக்கு 996 பங்கு இவ்வாறு பொற்றாசியத்திற் பிறந்ததே. விண்மீன்களில் உள்ள ஆகனோ பெரும்பாலும் 36 நிறையுடையது. அங்கே அணுநிறையை அளந்திருந்தால் மென்டலீவின் வரிசையில் இம்முரண் தோன்றியே இராது. பூமியின் பாறைகள் தம் பொற்றாசியத்தை நெடுங்காலமாக ஆகனாக மாற்றிக் காற்றில் விட்டதனாலேயே இங்குள்ள ஆகன் பாரமாயிற்று. மாத்தளை மலைநாட்டுப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. அவற்றிடையே உள்ள பெல்ஸ்பாரும் அன்று தொட்டு இன்றுவரை இத்தொழிலை ஓயாது செய்துவருகிறது.

அணுவின் நிறை அதன் வரலாற்றைச் சொல்கிறது. அணுவெண்ணே அதன் இயல்பைச் சொல்கிறது. வரலாற்றை இயல்பென மயங்கியதே பழைய வரிசையின் இடர்ப்பாடு. அவ்வாறு மயங்கியிருந்தும் இனத்தை இனத்தோடு சேர்த்ததே மென்டலீவின் பெருமை. ஆவர்த்தன அட்டவணையைப் பரீட்சைக்காக மனனம் செய்யும் மாணவர்கள், பத்தொன்பதாம் கட்டத்துக்கு வரும்போது ஒரு கணம் நின்று, வீட்டிலுள்ள பீங்கான் கோப்பையை நோக்குவாராக. அதன் மண்ணிற் கலந்த பெல்ஸ்பாரின் பொற்றாசிய அணுக்களுட் சில, அப்பொழுதும் பதினெட்டுக்கும் இருபதுக்குமாகப் படி மாறிக்கொண்டே இருக்கும்.