ஒளி எழுதியதும் நீர் காத்ததும்



தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோர் யாவரும் விமானத்தை அண்ணாந்து நோக்குவர். நீங்கள் சற்றே குனிந்து அதன் அடித்தளத்தையும் நோக்குங்கள். 1010ஆம் ஆண்டில் இக்கோயிலை நிறைவுசெய்த இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே வரிவரியாக ஓடுகின்றன. 1858ஆம் ஆண்டில், சென்னை அரசாங்கப் புகைப்படக்காரராயிருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பார் அவ்வெழுத்துகளைப் பகுதி பகுதியாகப் படம்பிடித்தார். 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்லில் உளி எழுதியதைத் தாளில் எழுதியது எது? ஒளியும் வெள்ளியுமே.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் இதனை நான் பலமுறை செய்து காட்டியதுண்டு. வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் உப்புநீர் விட்டால், பால் திரிந்தாற்போல் ஒரு வெண்பொருள் படியும். அதுவே வெள்ளிக் குளோரைடு. வெயிலில் வைத்தால் அது ஊதாவாகிக் கறுக்கும். ஒளி அதனைச் சிதைத்து, வெள்ளியை நுண்துகளாகப் பிரித்துவிடுகிறது.

டிரைப் கையாண்ட மெழுகுத் தாளிலும் கண்ணாடித் தகட்டிலும் ஒளியை ஏற்றது வெள்ளி அயோடைடு. படம் எடுத்தவுடன் அதில் எதுவும் புலப்படாது. ஒளி பட்ட இடங்களில் வெள்ளி அணுக்கள் சிலவே தோன்றியிருக்கும். விதைநெல்லுக்குள் முளை அடங்கியிருப்பதுபோல உருவம் அங்கே அடங்கியிருக்கும். உருத்துலக்கும் கரைசலில் இட்டால், அவ்வணுக்களைச் சுற்றி மேலும் வெள்ளி சேர்ந்து கறுக்கும். இதுவே எதிர்ப்படம். அதன் கீழ் வெள்ளிக் குளோரைடு ஏற்றிய தாளை வைத்து வெயிலில் காட்டினால் நேர்ப்படம் கிடைக்கும்.

வேலை இத்துடன் முடிந்ததா? இல்லை. மாறாமல் எஞ்சிய உப்பை அப்படியே விட்டால் தாள் முழுவதும் கறுத்துவிடும். ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட்டு அதனைக் கரைத்து நீக்குகிறது. பின்னர் அந்த ஹைப்போவையும் நீக்க வேண்டும். அதற்கு வேண்டுவன தூய நீரும் பொறுமையும்.

என் அன்னையாருக்கு இருந்தது ஒரே புகைப்படம். ஊர்த் திருவிழாவில் ஒருவர் எடுத்து, அவசரமாகக் கழுவிக் கொடுத்தது. சில ஆண்டுகளில் அது பழுப்பேறியது. அன்னையார் மறைந்த நாளில் அதனைத் தேடி எடுத்தோம்; முகம் தெரியவில்லை. வேதியியல் கற்ற பின்னரே காரணம் விளங்கிற்று. தாளில் தங்கிவிட்ட ஹைப்போவின் கந்தகம் வெள்ளியைப் பற்றி, வெள்ளிச் சல்பைடாக மாற்றிவிட்டது. வாசலில் காவிரி வாய்க்கால் ஓடும் ஊரில், இன்னும் சில குடம் நீர் வார்க்காமையால் ஒரு முகம் அழிந்தது!

டிரைப் எடுத்த தஞ்சைப் படங்களோ 160 ஆண்டுகள் கடந்தும் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன.

இன்று நீங்கள் கைப்பேசியில் படம் எடுக்கிறீர்கள். அதில் வெள்ளி உப்புக்கு வேலையில்லை. ஆயினும் உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டனார் பாட்டியாரின் பழைய படங்கள் இருக்கும். ஐப்பசி மழையின் ஈரம் அவற்றை அணுகாமல் காத்திடுங்கள். பின்புறத்தில் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். பழுப்பேறத் தொடங்கியவற்றுக்கு இன்றே படி எடுங்கள். ஒளி தன் வேலையைச் செய்துவிட்டது. எஞ்சியது நம் வேலை.