சக்கரம் முன்கூட்டியே சொல்லும்



யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். தோட்டப்புறத்து ஃபோர் வீல் வாகனங்களுக்கும் இது பொருந்தும். பீடோங், பாடாங் செராய், கோல கெட்டில், பாலிங் வட்டாரச் செம்பனைக் காடுகளில் ஓடும் ஹைலக்ஸ் வாகனங்கள் செம்மண் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, முன்பக்கத்தில் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஓட்டுநர் வானொலிச் சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுவார். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

முன்சக்கரத்தைத் தாங்கிப் பிடித்திருப்பது பால் ஜாயின்ட். தோள்பட்டை மூட்டைப் போல, ஒரு குழிக்குள் உருளும் குண்டு. அதன் மேலுள்ள ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், செம்மண் சேறு உள்ளே போகும். பிறகு குண்டு அரைபட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாள் குழியை விட்டுக் கழன்றால், சக்கரம் அப்படியே மடங்கிவிடும். தோட்டத்துக்குள் என்றால் வண்டி நின்றுபோவதோடு சரி. அதே வண்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுங்கை பட்டாணி நெடுஞ்சாலையில் போகும்போது நடந்தால்?

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2004 ஆகஸ்டில் ஜப்பானின் குமாமோட்டோவில் ஒரு ஹைலக்ஸ் சர்ஃப் வாகனத்தின் ஸ்டீரிங் இணைப்புத் தண்டு முறிந்தது. எதிரே வந்த வாகனத்தில் மோதி ஐவர் காயமடைந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் டொயோட்டா நிறுவனம் ஜப்பானில் ஏறக்குறைய 330,000 வாகனங்களைத் திரும்ப அழைத்தது. நிற்கும் வண்டியில் ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பும்போது விழும் பளுவை அந்தத் தண்டு நெடுங்காலம் தாங்கவில்லை. குறுகிய தோட்டப் பாதையில் வண்டியைத் திருப்புகிறவர்கள் நாள் முழுக்கச் செய்வது இதைத்தானே! வண்டி மெல்ல நகரும்போது ஸ்டீரிங்கைத் திருப்புவது நல்லது.

சொந்த வாகனத்துக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை மலேசியாவில் பொதுவாக இல்லை. ஆகவே உரிமையாளரின் கண்ணும் கையும்தான் சோதனைச் சாவடி.

முதலில் டயர். உள்ளங்கையை டயரின் குறுக்கே ஒரு பக்கம் தடவினால் வழுவழுப்பாகவும், மறுபக்கம் தடவினால் ரம்பப் பல் போலவும் இருந்தால் அலைமெண்ட் விலகியிருக்கிறது. அங்கங்கே குழி விழுந்து தேய்ந்திருந்தால் அப்சோர்பர் மீது சந்தேகம். எண்ணெய் கசிந்து அதன்மேல் புழுதி அப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து இரண்டு பேர் வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒருவர் ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் சிறிது அசைக்க, மற்றவர் டை ராட் முனையில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். தண்டு அசைந்து, சக்கரம் சற்றுத் தாமதித்து அசைந்தால் அந்த முனை தேய்ந்துவிட்டது.

பால் ஜாயின்ட்டைப் பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2005க்குப் பிறகு வந்த ஹைலக்ஸ்களில் முன் ஸ்பிரிங் கீழ்க்கையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் அழுத்தம் மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தளர்வு தெரியாது. கீழ்க்கையின் அடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தை உயர்த்தி, வண்டியைத் தாங்கியில் நிறுத்திய பிறகே பார்க்க வேண்டும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லலாம். ஆட்டம் நின்றுவிட்டால் குறை பேரிங்கில். நிற்காவிட்டால் பெரும்பாலும் பால் ஜாயின்ட்டில். பழைய லேண்ட் ரோவரில் ஸ்பிரிங் தகடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்; துருவின் நடுவே பளபளக்கும் கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் உடனே அலைமெண்ட் கடைக்கு ஓடுவது பலரின் வழக்கம். தேய்ந்த மூட்டை வைத்துக்கொண்டு அலைமெண்ட் செய்வது வீண் செலவு; அடுத்த பள்ளத்திலேயே அது விலகிவிடும். மூட்டை மாற்றிவிட்டு அலைமெண்ட் செய்வதே முறை. அழகுக்காகப் பெரிய டயர் மாட்டுகிறவர்கள் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும், அத்தனை கனமும் இந்தச் சின்ன மூட்டுகளின் மேல்தான்.

பட்டறையில் கழற்றிய பழைய பால் ஜாயின்ட்டைப் போமனிடம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அதன் தண்டை விரலால் தொட்டதும் தலை தொங்கினால், மாற்றியது சரி. புதியதன் நட்டில் புதுப் பின் போடப்பட்டிருக்கிறதா என்றும், வண்டி இறங்குமுன் குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.