பறவைக் காட்சியின் வாயிலில்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இம்மேடையில் பேசவேண்டும் எனச் செயலாளர் அவர்கள் கேட்டபொழுது, எதைப் பற்றிப் பேசுவது என்று எங்கள் வீட்டில் மூன்று நாள் ஆராய்ச்சி நடந்தது. குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் பேச இவ்வவையில் வல்லார் பலர் உளர். கடந்த மாசித் திங்களில் எங்கள் வீட்டுக் கிளியோடு ஒரு பறவைக் காட்சிக்குச் சென்று, வாயிலிலேயே நின்றுவிட்ட செய்தியைச் சொல்லுமாறு எங்கள் அம்மாதான் பணித்தார். "வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள், நம் காலனியில் இன்னும் நாலு வீட்டில் கூண்டு தொங்குகிறது" என்றார். ஆதலின் துணிந்தோம். அந்த நாலு வீட்டாரும் பொறுத்தருள்க.

எங்கள் வீடு விமான் நகரில் நான்காம் மாடியில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். லோகேகாவ் வானூர்தி நிலையம் அருகிலேயே இருப்பதால், நம் பகுதியில் யாரும் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிப்பதில்லை. பாதியில் நிறுத்தி, வானூர்தி தலைக்குமேல் கடந்த பின்னர் மீதியைச் சொல்கிறோம். எங்கள் மீனாவும் அவ்வாறே பேசும். "யாரு? உள்ளே..." என்று நிறுத்தி, இரைச்சல் அடங்கியதும் "வாங்க" என்னும். கேட்டவர் எல்லாரும் நகைப்பர். குக்கர் விசிலையும் அது கற்றிருந்தது. இரண்டு விசில் என்று நம்பி அடுப்பை அணைத்துப் பருப்பு வேகாமற்போன நாட்கள் உண்டு.

மீனா வந்த வரலாற்றையும் மறைக்கலாகாது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக்காலத்தில், சாலையோரத்தில் மூங்கிற் கூடையில் குஞ்சுகளை வைத்து விற்ற ஒருவரிடம் 400 ரூபாய் கொடுத்து வாங்கினோம். கூடையில் ஏழெட்டு இருந்தன. இரண்டு அசைவற்றுக் கிடந்தன. உயிரோடு துள்ளியதைத் தேர்ந்தெடுத்து வந்தோம். மற்றவை என்னவாயின என்று அன்று எங்கள் மனம் கேட்கவில்லை. பெண் குஞ்சு என்று விற்றவர் சொன்னார். மீனா என்று பெயரிட்டோம். மூன்றாம் ஆண்டில் கழுத்தைச் சுற்றிக் கருப்பும் இளஞ்சிவப்புமாக ஆரம் தோன்றியது. செந்தார்க் கிளியில் அவ்வாரம் ஆணுக்கே உரியது. ஆயினும் அதற்குள் அதுவே தன்னை மீனா என்று அழைக்கக் கற்றுவிட்டது. பெயரை மாற்ற வழியில்லை.

அம்மா திருவில்லிபுத்தூரில் பிறந்தவர். மராத்தியும் இந்தியும் அறியார். நாங்கள் இருவரும் அலுவலகத்துக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின், மாலை ஆறு மணி வரையில் அவரோடு தமிழ் பேசிய உயிர் அந்தக் கிளி ஒன்றுதான். எங்கள் பிள்ளைகள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் விடை சொல்வார்கள். இதை இச்சபையில் சொல்வதில் புதுமை ஒன்றும் இல்லை. மீனாவோ பாட்டியின் குரலில், பாட்டியின் ஏற்ற இறக்கத்தோடு, "காபி ஆச்சா?" என்று கேட்கும். இந்த ஊரில் எங்கள் வீட்டில் பிறமொழி கலவாமல் தமிழ் பேசுவோர் இருவர் என்றும், அவருள் ஒருவர்க்குச் சிறகு உண்டு என்றும் வேடிக்கையாகச் சொல்வோம்.

நகர் சாலையை ஒட்டிய ஒரு திடலில் பறவைக் காட்சி என்று விளம்பரம் கண்டவுடன், இத்தகைய கிளியைக் காட்டாமல் வேறு எதைக் காட்டுவது என்று தோன்றிற்று. கூண்டைத் துலக்கி, வெள்ளைத் துணியால் மூடி, ஆட்டோவில் அம்மா மடியில் வைத்துக்கொண்டு சென்றோம்.

வாயிலில் இருந்த தொண்டர் கல்லூரி மாணவர் போலும். துணியைச் சிறிது விலக்கிப் பார்த்தார். முகம் மாறிற்று. எங்களை ஒருபுறமாக அழைத்துச் சென்று, தாழ்ந்த குரலில், "ஆஜி, இது நாட்டுக் கிளி. இதை உள்ளே விடமுடியாது. வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். யாராவது புகார் செய்வதற்கு முன் நிழலில் கொண்டுபோய் வையுங்கள்" என்று மராத்தியில் சொன்னார். நாங்கள் மொழிபெயர்த்துச் சொன்னோம். அம்மா ஒன்றும் பேசவில்லை. கூண்டோடு மீண்டும் ஆட்டோவில் ஏறி அமர்ந்துகொண்டார். அப்பொழுது பார்த்து, துணிக்குள்ளிருந்து மீனா, "யாரு? உள்ளே வாங்க" என்றது.

அம்மாவை விட்டுச் செல்ல மனம் இல்லை. ஆயினும் அவரே, "போய் என்ன சட்டம் என்று கேட்டு வாருங்கள்" என்று அனுப்பினார். ஒருவர் மாற்றி ஒருவராக உள்ளே சென்றோம்.

காட்சி அழகிதாகவே இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. நாம் லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கும் சிறு பறவைகள் ஒரு நீண்ட மேசை முழுதும் இருந்தன. அவற்றின் பெயர் பட்ஜெரிகர் என்றும், ஊர் ஆஸ்திரேலியா என்றும், 1840-இல் ஜான் கூல்டு என்னும் பறவை நூலார் அவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார் என்றும் அறிந்தோம். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. நாம் இத்தனை காலம் ஒன்றன் பெயரை மற்றொன்றுக்கு வழங்கி வந்திருக்கிறோம். போட்டிக்கு வந்த பட்ஜெரிகர் தலை பெருத்து, நெஞ்சு நிமிர்ந்து, பட்டாளத்துச் சிப்பாய் போல நிற்கவேண்டுமாம். தொண்டையில் ஆறு கரும்புள்ளிகள் ஒழுங்காக அமைந்துள்ளனவா என்று நடுவர் குனிந்து எண்ணினார். கொண்டை சிலிர்த்த காக்கட்டீல்கள், தென் அமெரிக்கக் கொன்யூர்கள், ஒரு நீலமஞ்சள் மக்காவ், சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளி ஆகியவையும் இருந்தன.

பல பறவைகளின் காலில் உலோக வளையம் கண்டோம். மூட்டு இல்லாத முழு வளையம் அது. குஞ்சு பொரித்த சில நாட்களுக்குள், விரல்கள் சிறுத்திருக்கும்பொழுதே அதை மாட்டவேண்டும். பாதம் வளர்ந்த பின் மாட்டவும் இயலாது, கழற்றவும் இயலாது. ஆகவே அது கூண்டில் பிறந்த பறவை என்பதற்கு ஒரு சான்று. மீனாவின் காலில் வளையம் இல்லை. ஏதோ ஒரு மரப்பொந்தில் கை விட்டு எடுத்த குஞ்சுக்கு வளையம் ஏது?

பின்னர் ஒரு பறவை மருத்துவரின் விளக்கவுரை நடந்தது. ஒட்டாத பூச்சுடைய வாணலி அளவுக்கு மீறிச் சூடேறினால் அதன் புகை மனிதர்க்குத் தெரியாமலே பறவையைக் கொன்றுவிடும். வெண்ணெய்ப்பழமும் சாக்லேட்டும் நஞ்சு. சூரியகாந்தி விதையையே நாளெல்லாம் தந்தால் ஈரலில் கொழுப்பு ஏறும். இவ்வாறு பல சொன்னார். கிளிக்கு மிளகாய் உறைப்பதே இல்லை என்றும் சொன்னார். உறைப்பை உணரும் அமைப்பு பறவைகளிடம் நம்மைப்போல் இல்லையாம். மீனா பச்சைமிளகாயைக் கடிக்கும்பொழுதெல்லாம் அதன் வீரத்தை வியந்த எங்களுக்கு இது சிறு ஏமாற்றமே.

உரை முடிந்ததும் அவரை அணுகி, வெளியே ஒரு கிளி இருக்கிறது, பார்க்க இயலுமா என்று தயங்கிக் கேட்டோம். உடனே வந்தார். ஆட்டோவின் அருகில் நின்றபடி பார்த்தார். மீனாவின் மார்பில் ஓர் உள்ளங்கையளவு இடத்தில் இறகு இல்லை. இறகு உதிர்காலம் என்று எண்ணியிருந்தோம். "உதிரவில்லை; தானே பிடுங்கியிருக்கிறது. கூட்டமாக வாழும் பறவை தனித்திருந்தால் இவ்வாறு செய்வதுண்டு" என்றார். அலகு வளைந்து நீண்டிருந்ததையும், இறக்கை நுனி கத்தரிக்கப்பட்டிருந்ததையும் காட்டினார். கத்தரித்தவர்கள் நாங்களே. பறந்துபோய் மின்விசிறியில் அடிபடும் என்று அஞ்சி ஆண்டுதோறும் செய்வித்தோம்.

அம்மா, அது ஏன் தம் குரலைப்போலவே பேசுகிறது என்று மட்டும் கேட்கச் சொன்னார். மருத்துவர் சொன்ன விடை இது: கிளி தன் கூட்டத்தின் ஒலியைக் கற்றுக்கொண்டு, அதனால் தன் கூட்டத்தாரோடு சேர்ந்திருக்கும் பிறவி. அதற்குக் கிடைத்த கூட்டம் நீங்கள் ஒருவரே. ஆதலால் உங்கள் ஒலியைக் கற்றது. வெனிசுவேலாவில் ஒரு சிறு பச்சைக்கிளி இனத்தை ஆராய்ந்தவர்கள், தாய்தந்தையர் தம் குஞ்சுகளுக்குத் தனித்தனிக் கூவலைப் பெயர்போல அளிக்கின்றன என்று 2011-இல் எழுதியிருப்பதையும் அவர் சொன்னார். மீனாவுக்கும் ஒரு பெயர் பொந்தில் இடப்பட்டிருக்கலாம் என்று வீடு திரும்பும் வழியில் எங்களுக்குத் தோன்றியது.

இனிச் சட்டத்தைச் சொல்லிவிடுகிறோம். பலர்க்கு இது தெரியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் கிளிகளைக் காக்கிறது. அவற்றைப் பிடிப்பது, விற்பது, வாங்குவது, கூண்டில் வைப்பது அனைத்தும் குற்றமே. மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க இடம் உண்டு. கிளி சோதிடர்க்கும் விலக்கு இல்லை. 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூர்த் தொகுதி வேட்பாளர் ஒருவர்க்கு வெற்றிச் சீட்டு எடுத்துக் கொடுத்த கிளியை வனத்துறையினர் கைப்பற்றி, உடையவரை எச்சரித்து விடுத்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அந்த வேட்பாளரும் வெல்லவில்லை.

வெளிநாட்டுக் கிளிகளின் நிலை வேறு. அவற்றை வைத்திருக்கலாம், ஆனால் அனைத்துலக உடன்படிக்கைப் பட்டியலில் உள்ளவற்றை, 2024-இல் வந்த விதிகளின்படி, பரிவேஷ் என்னும் அரசு இணையத்தளத்தில் பதிவுசெய்ய வேண்டும். பட்ஜெரிகரும் காக்கட்டீலும் அப்பட்டியலில் இல்லை. சாம்பற் கிளி 2017 முதல் மிகக் கடுமையான காப்பில் இருக்கிறது. காட்சியில் அதன் முன் நின்றபொழுது, அதன் தலையைக் கோதி மகிழ்ந்தவர்களைக் கண்டோம். அவர்களைக் குறை சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை; ஆயினும் சட்டம் அனுமதிக்கும் கூண்டுக்குள்ளும் தனிமை ஒன்றுதானே என்ற எண்ணம் எழுந்தது.

அன்றிரவு வீட்டில் கருத்து வேறுபட்டது. அம்மாவின் துணையைப் பறிப்பதா என்று எங்களுள் ஒருவர் கேட்டார். ஐந்து ஆண்டு யாரும் கேட்கவில்லை, இனி மட்டும் யார் கேட்கப் போகிறார் என்றும் சொல்லிக்கொண்டோம். இரண்டு வாரம் அப்படியே சென்றது. ஒருநாள் மாலை அம்மா மாடத்தில் நின்றிருந்தார். முளா முட்டா ஆற்றங்கரைப் பக்கமாக, எரவாடாவின் மரங்களை நோக்கிக் கிளிக்கூட்டம் ஒன்று கீச்சிட்டுக்கொண்டு சென்றது. மீனா கூண்டில் திரும்பி அமர்ந்து, தமிழும் அல்லாத, குக்கர் விசிலும் அல்லாத ஓர் ஒலி எழுப்பிற்றாம். அதுவரை கேளாத ஒலி.

அம்மா உள்ளே வந்து சொன்னார்: "எங்கள் ஊரில் ஆண்டாள் கையில் நாள்தோறும் புதுக்கிளி வைப்பார்கள். மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் வாழைநாரும் வைத்துக் கட்டுவது. மறுநாள் அதை யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஆண்டாளே ஒரு நாளுக்குமேல் வைத்துக்கொள்ளவில்லை. நான் ஐந்து வருஷம் வைத்துக்கொண்டேன். போதும்." மதுரையிலும் கிளிக்கூட்டு மண்டபம் என்று பெயர் இருக்கிறதே என்று வாதம் தொடுத்தோம். "கூட்டில் இப்பொழுது கிளி இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்பதை அறிவோம். வாதம் முடிந்தது.

மாநில வனத்துறையின் 1926 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னோம். தண்டிப்பார்களோ என்று அஞ்சியிருந்தோம், வழிதான் காட்டினார்கள். மறுநாள் வனவிலங்குச் சிகிச்சை மையத்துக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்த இளைஞரிடம் அம்மா, "இது தமிழ்தான் பேசும், ஒன்றும் புரியாமல் விழிக்கப் போகிறீர்கள்" என்றார். அவர் ஒரு தாள் எடுத்து, மீனாவின் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, மராத்தி எழுத்தில் எழுதிப் பொருளையும் குறித்துக்கொண்டார். பதினொரு சொற்கள் இருந்தன. "ஆச்சா" என்பதற்குப் பொருள் சொல்ல நாங்கள் சற்றே திணறினோம்.

அண்மையில் விசாரித்தோம். கத்தரித்த இறகுகள் உதிர்ந்து புதியன முளைக்கின்றன. மார்பிலும் பசுமை படர்ந்திருக்கிறது. பெரிய கூண்டில் வேறு ஒன்பது கிளிகளோடு இருக்கிறது. ஆனால் ஆட்களைக் கண்டால் இன்னும் கம்பியருகே வந்து "உள்ளே வாங்க" என்கிறதாம். மனிதரைத் தேடிவரும் கிளியை வெளியே விட்டால் பூனைக்கோ, மீண்டும் யாருடைய கூடைக்கோதான் இரையாகும். ஆகையால் அச்சொல்லை அது மறக்கும்வரை விடுவிக்கமாட்டார்கள். சில கிளிகள் மறப்பதே இல்லையாம். அவை அங்கேயே இருந்துவிடும். இதை அம்மாவிடம் சொன்னபொழுது சிறிது நேரம் வாளாவிருந்தார். பிறகு, "மறக்கட்டும்" என்றார்.

இப்பொழுது மாலையில் பேரனுக்கும் பேத்திக்கும் ஒரு மணி நேரம் கதை சொல்கிறார். தமிழில் விடை சொன்னால்தான் மீதிக் கதை. வானூர்தி கடக்கும்பொழுது மட்டும் நிறுத்துகிறார்.

வெளிநாட்டுப் பறவை வைத்திருப்போர் பதிவுசெய்யும் முறையை ஒரு தாளில் எழுதி வாயில் மேசையில் வைத்திருக்கிறோம், எடுத்துக்கொள்க. நாட்டுக் கிளி வைத்திருப்போர் எங்களிடம் சொல்லக் கூசவேண்டாம். அம்மா மூன்றாம் வரிசையில் இடப்பக்கம் அமர்ந்திருக்கிறார். விருந்து முடிந்ததும் அவரிடம் கேளுங்கள். மையத்துக்குத் துணையாக வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் மீனாவைத் தொலைவிலிருந்து ஒருமுறை பார்த்ததாகும்.