அரை அச்சின் வலிமை

பாடசாலையிலே பயன்படும் வெண்கட்டி ஒன்றை இரு கைகளாலும் பிடித்து, ஈரத் துணியைப் பிழிவது போலத் திருகினால் அது எவ்வாறு முறியும்? குறுக்காக, நேரே முறிவதில்லை. திருகாணியின் புரி போலச் சாய்ந்து வளைந்து முறியும். மென்மையான உருக்குத் தண்டொன்றை அதேபோலத் திருகினால், அது முதலிற் கயிறு போல முறுக்கேறிப் பின்னர் வாளால் அறுத்தாற்போலத் தட்டையாக அறும். திருகல் ஒன்றே, முறிவோ இருவகை. முறிந்த துண்டைக் கையிலெடுத்துப் பார்த்தே முறிந்த காரணத்தைச் சொல்லும் வித்தை இத்தகைய எளிய உண்மைகளிலிருந்து பிறந்ததாகும்.

இவ்வித்தை இன்று பெரிதும் வேண்டப்படுவோருள், பழைய மோட்டார் வண்டிகளைப் பேணி அவற்றுக்குப் புதிய வலுவூட்ட விரும்புவோரும் அடங்குவர். உதாரணமாக மொறிஸ் மைனர் வண்டியை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பவரின் சிந்தனையில் உருவாகி, 1948ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வெளிவந்த வண்டி அது. 1971ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றபோது, 16 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் உருவாகியிருந்தன. இலங்கையின் வீதிகளில் அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. 1962ஆம் ஆண்டில் அவ்வண்டிக்கு அளிக்கப்பட்ட 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் 48 குதிரை வலு உடையது. அமைதியான பயணத்துக்கு அது போதுமானதே.

ஆனால் ஆசைக்கு அளவேது? அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த 1275 கன சென்ரிமீற்றர் எஞ்சினொன்று, 1982ஆம் ஆண்டில் எம்.ஜி. மெற்றோ என்னும் வண்டியிலே டேர்போ இணைக்கப்பட்டு வெளிவந்தது. அதன் வலு ஏறத்தாழ 93 குதிரை. டேர்போ என்பது, வீணே வெளியேறும் புகையின் வேகத்தாற் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டிலேயே இதன் தத்துவத்துக்குக் காப்புரிமை பெற்றார். இத்தகைய எஞ்சினைப் பழைய மைனரிற் பொருத்துவோர் உளர். எஞ்சின் பொருந்திவிடுகிறது. வலுவும் இரட்டிக்கிறது. ஆனால் அந்த வலு முழுவதும் கடந்து செல்ல வேண்டிய பாதையின் கடைசியிலே, பின் அச்சின் உறைக்குள், ஒருவர் கண்ணிலும் படாமல் இரண்டு தண்டுகள் இருக்கின்றன. அவையே அரை அச்சுகள்.

டிபரன்சியல் எனப்படும் பற்சில்லுத் தொகுதியிலிருந்து ஒரு தண்டு வலச் சில்லுக்கும் மற்றது இடச் சில்லுக்கும் செல்கின்றன. பழைய 1098 எஞ்சின் தரும் அதியுயர் முறுக்குவிசை 60 அடி இறாத்தல். முதலாம் கியரில் அது 3.628 மடங்காகவும், பின் அச்சுப் பற்சில்லுகளில் மேலும் 4.22 மடங்காகவும் பெருகுகிறது. ஆகவே பின் அச்சை அடையும் முறுக்கு ஏறத்தாழ 918 அடி இறாத்தல். ஒவ்வோர் அரை அச்சின் பங்கு 459. டேர்போ எஞ்சினோ 85 அடி இறாத்தல் தருவது. அதே கியர் விகிதங்களோடு கணக்கிட்டால், ஒவ்வோர் அரை அச்சின் மீதும் ஏறத்தாழ 650 அடி இறாத்தல் வந்து விழும்.

இங்கே ஒன்றை மறத்தல் ஆகாது. சில்லு வீதியைப் பற்றிப் பிடிக்கும் வரையிலேதான் தண்டின் மீது முறுக்கு ஏறும். ரயர் வழுக்கினால் முறுக்கு அவ்விடத்திலேயே நின்றுவிடும். பழைய வண்டியின் ஒடுங்கிய ரயர்கள் இவ்வாறு வழுக்கி, அரை அச்சுக்குக் காவலாக இருந்தன. வலுவைக் கூட்டுவோர் அகன்ற, நன்கு பற்றும் ரயர்களையும் பூட்டுகின்றனர். அத்தோடு அந்தக் காவல் நீங்கிவிடுகிறது. இரு சில்லுகளையும் பிணைத்து ஓடச் செய்யும் டிபரன்சியலைப் பூட்டினாலோ, ஒரு சில்லு மணலில் நிற்கும்போது, முறுக்கின் பெரும்பகுதி மற்றச் சில்லின் அச்சிலேயே சுமத்தப்படும். கிளச்சைத் திடீரென விடும்போது உண்டாகும் அதிர்ச்சி இவற்றுக்கெல்லாம் மேலானது.

அப்படியாயின் தண்டைத் தடிப்பாக்கிவிட்டால் என்ன? தண்டின் வலிமை விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப வளர்வது. ஓர் அங்குலத் தண்டு ஒன்றேகால் அரைக்கால் கூட ஆகவேண்டியதில்லை. ஓர் அங்குலமும் எட்டில் ஒரு பங்கும் ஆனாலே, மேலே கண்ட மிகை முறுக்கைத் தாங்கப் போதும். ஆனால் தண்டு நுழையும் குண்டுப் போதிகையும் டிபரன்சியலின் பற்சில்லும் பழைய அளவினவே. அவற்றுக்குள் தடித்த தண்டு நுழையாது. தண்டின் நடுவுடலை மட்டும் தடிப்பாக்கினாலோ பயனில்லை. ஏனெனில் தண்டு முறிவது நடுவிலன்று, முனையிலேதான்.

இவ்வுண்மையை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. 1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி, வெர்சேயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய புகையிரதம் ஒன்றின் எஞ்சின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன் மேலொன்று ஏறித் தீப்பற்றின. 50 பேருக்கு மேல் மாண்டனர். நாட்பட்ட இரும்பு உள்ளே பளிங்காகி நொறுங்குகிறது என்பதே அக்காலத்தவர் பலரின் கொள்கை. அடுத்த ஆண்டிலே, வில்லியம் றாங்கின் என்னும் ஸ்கொத்லாந்துப் பொறியியலாளர் முறிந்த அச்சுகளை ஆராய்ந்து வேறொன்றைக் கண்டார். அச்சின் தடித்த பகுதி ஒடுங்கிய பகுதியைச் சந்திக்கும் கூரிய மூலையிலே நுண்ணிய வெடிப்பு தோன்றுகிறது. ஒவ்வொரு சுமையிலும் அது சிறிது சிறிதாக உள்நோக்கி வளர்கிறது. எஞ்சிய உலோகம் சுமை தாங்காதபோது அச்சு ஒரு நொடியில் முறிகிறது. மூலையைக் கூராக விடாமல் வளைவாக அமைத்தல் வேண்டுமென்பது அவர் கூறிய பரிகாரம். பின்னர் ஜேர்மனியிலே ஓகுஸ்ற் வோலர் பல்லாண்டுகள் நடத்திய சோதனைகள், ஒருமுறை தாங்கும் சுமையைப் பல இலட்சம் முறை தாங்க உலோகத்தால் இயலாது என்பதை நிலைநாட்டின.

அரை அச்சிலும் கதை இதுவே. அதன் உள்முனையிலே, பற்சில்லோடு கோத்துக்கொள்வதற்காகத் தவாளிப்புகள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தவாளிப்பின் அடியும் ஒரு கூரிய மூலை. தவாளிப்பு முடியும் இடமோ அதனினும் அபாயமானது. ஆகவே நல்ல அச்சுகளைச் செய்வோர் தவாளிப்பின் அடியை வளைவாக வெட்டுவர். தண்டின் உடலைத் தடிப்பாக்குவதற்கு மாறாக, தவாளிப்பின் அடி விட்டத்துக்குச் சற்றே மெலிவாகக் கடைந்துவிடுவர். மெலிந்த தண்டு எவ்வாறு வலிதாகும் என்று வியக்கலாம். முறுக்கு ஒரே இடத்திற் குவியாமல் தண்டின் நீளமெங்கும் பரவுகிறது. தண்டு வில்லைப் போலச் சிறிது முறுகி அதிர்ச்சியை ஏற்றுக்கொள்கிறது. காற்றுக்கு வளைந்து கொடுக்கும் நாணல் நிலைப்பதை ஒத்ததே இது.

அடுத்தது உலோகம். நிக்கல், குறோமியம், மொலிப்டினம் ஆகியன கலந்த ஈ.என். 24 என்னும் உருக்கை இத்தொழிலில் விரும்பிப் பயன்படுத்துவர். ஆயினும் உருக்கின் பெயர் மட்டும் போதாது. அதனைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்தும் முறையே அதன் குணத்தை முடிவுசெய்யும். மிகக் கடினமாக்கினால் வெண்கட்டி போல நொறுங்கும். மிக மென்மையாக விட்டால் கயிறு போல முறுகும். இரண்டுக்கும் நடுவே நிற்பதே பதம். முறுக்கின் தாக்கம் மேற்பரப்பிலே அதிகமாகவும், மையத்தில் இல்லாமலும் இருப்பதால், மேற்பரப்புக்குத் தனிச் சிகிச்சையும் உண்டு. சிறு உருக்குக் குண்டுகளைக் கடுவேகத்தில் அதன்மீது பொழிவர். அடிபட்ட மேற்பரப்பு நெருக்குண்டு நிற்கும். நெருக்குண்ட உலோகத்தில் வெடிப்பு எளிதில் வாய் திறவாது. இத்தனை செய்தபின், தண்டிலே ஓர் எண்ணை உளியாற் செதுக்கினாலும் போதும். அந்தக் கீறலே புதிய வெடிப்பின் பிறப்பிடமாகலாம். முறிந்த அரை அச்சை ஒட்டவைத்து மீண்டும் பூட்டுவது, உயிரோடு விளையாடுவதாகும்.

உயிர் என்று கூறியது மிகையன்று. சிலவகை வண்டிகளில் அரை அச்சு சில்லைச் சுழற்றுவதோடு வண்டியின் பாரத்தையும் தாங்குகிறது. அங்கே வெளிமுனையில் அச்சு முறிந்தால் சில்லே கழன்று ஓடும். வேறுவகையிற் பாரத்தை உறை தாங்குகிறது. அச்சு முறிந்தால் வண்டி நின்றுவிடும், அவ்வளவே. தம் வண்டி எவ்வகையினது என்பதை அறிந்த பின்னரே வலுவூட்டும் எண்ணம் கொள்ளுதல் முறை. பழைய அச்சைக் கழற்றும்போது, காந்தமேற்றி இரும்புத் துகள் தூவிச் சோதித்தால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் கோடாகத் தெரியும்.

இறுதியாக ஒன்று. சங்கிலியின் ஒரு கண்ணியை வலிதாக்கினால், முறிவு அடுத்த கண்ணிக்குப் போகும். முறியாத அரை அச்சைப் பூட்டிய பின், முறிவது டிபரன்சியலின் பல்லாகலாம், கியர்ப் பெட்டியாகலாம். அரை அச்சை மாற்றுவதோ அவற்றை மாற்றுவதினும் எளிது, செலவும் குறைவு. எது முதலில் முறியவேண்டும் என்பதையும் எண்ணி அமைப்பவரே தேர்ந்த பொறியியலாளர். எம்.ஜி. மெற்றோவை அமைத்தோர் இதனை உணர்ந்திருந்தனர். கியர்ப் பெட்டியைக் காக்கும் பொருட்டு, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது டேர்போவின் அழுத்தத்தை அடக்கி வைத்து, வேகம் ஏறிய பின்னரே அதனை முழுதாக விடும் ஏற்பாட்டைச் செய்தனர்.

எனவே பழைய வண்டிக்குப் புதிய வலுவை அளிப்போர், முதலில் எஞ்சினைத் திறந்து பார்ப்பதன்று, பின் அச்சைத் திறந்து பார்ப்பதே நன்று. எஞ்சினின் முழக்கம் காதுக்கு இன்பம். அந்த முழக்கத்தை வீதியிலே ஓட்டமாக்குவது, இருளிலே எண்ணெயில் தோய்ந்து கிடக்கும் இரண்டு தண்டுகளின் பொறுமை.