மலிவு தானாக வருவதில்லை



மூணாறு தேயிலைத் தோட்டங்களில் நம்மைப் போன்ற தமிழர்கள் உழைக்கும் கேரளம், விலைவாசி கூடிய மாநிலம். அரிசியும் காய்கறியும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகின்றன. ஆனாலும் சப்ளைகோ கடைகளில் 13 அத்தியாவசியப் பொருட்களின் மானிய விலை 2016 முதல் 2024 வரை ஏறவில்லை. 2020இல் குடும்பஸ்ரீ பெண்கள் தொடங்கிய மக்கள் உணவகங்களில் மதியச் சாப்பாடு 20 இந்திய ரூபாய்தான். சாப்பாட்டுக்கு 10 ரூபாய் அரசு கொடுத்தது. 2023இல் அந்த மானியம் நின்றது. சாப்பாடு 30 ரூபாயானது.

பார்த்தீர்களா? மலிவு தானாக வருவதில்லை. ஒருவர் பொறுப்பெடுக்கும்வரைதான் நிற்கும்.

நாம் சம்பள உயர்வு கேட்கிறோம், சரி. உயர்ந்த சம்பளத்தைக் கடை விலை விழுங்கினால் லயத்துக்கு என்ன மிஞ்சும்? அரிசி, மா, பருப்பு விலையையும் கோரிக்கையில் சேர்ப்போம். தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டுக் கடைக் கணக்கையும் கொண்டுவாருங்கள்.