தோல் காய வேண்டும்

பறையைப் பற்றி உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. பறையிசைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இன்று பள்ளி ஆண்டு விழா மேடை வரைக்கும் பறை ஏறிவிட்டது. எனக்கு அதில் நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் ஃபைபர் தோலோடு ஏறுகிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மழையில் நனையாது, காய்ச்ச வேண்டாம், திருகாணியை முடுக்கினால் போதும் என்கிறார்கள். காய்ச்ச வேண்டாத பறை எனக்கு வேண்டாம். மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டிய மாட்டுத்தோல், நெருப்பைப் பார்த்தால்தான் பேசும்.

இதை எனக்கு உறைக்கச் சொன்னவர் ஏலப்பாறைக்காரர் ஒருவர். கேரளத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை போகும் வழியில், தேயிலைக்கு நடுவே இருக்கிற ஊர் அது. தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு ஆள் போனபோது கூடவே மாரியம்மனும் போனாள், தப்பு என்கிற பறையும் போனது. அப்படியொரு மாரியம்மன் திருவிழாவுக்குத் தேனிப் பக்கத்திலிருந்து எங்கள் குழு போயிருந்தது.

இருட்டியதும் பனி இறங்கியது. எத்தனை பேர் அடித்தும் சத்தம் எழும்பவில்லை. கம்பளி போர்த்திய பெரியவர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, தோலு குளுந்து கெடக்கு. அதைப் போட்டு ஏன் அடிக்கிறே? இங்க கொடு."

"எடுத்துக்குங்கய்யா" என்று கொடுத்தேன்.

கவாத்து வெட்டிக் காய்ந்த தேயிலைக் குச்சிகளைக் கூட்டித் தீ மூட்டினார். பறையைக் காய்ச்சி நான் கண்டதிலேயே அதுதான் உசத்தி. தோலைத் தீக்கு நேராக நீட்டவில்லை. பக்கவாட்டில் பிடித்து, சட்டத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். ஓரத்தில் அனல் கூடினால் பசை விட்டுவிடும், நடுவில் கூடினால் தோல் வெடித்துவிடும். அதனால் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தவே கூடாது. நடுநடுவே விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பார். மறுபடி சுழற்றுவார். தட்டிய ஒலி கணீரென்று வந்த பிறகுதான் குச்சியைக் கேட்டார்.

அடித்தது சாமிச்சாட்டு அடி. வலக்கை அடிக்குச்சி நடுத்தோலில் விழுந்தபோது நெஞ்சில் அதிர்ந்தது. இடக்கைச் சுண்டுக்குச்சி மேலே சுண்டியபோது தோட்டத்து லயன் வீட்டு வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். குதிக்கவில்லை, சுழலவில்லை, நின்ற இடத்தில் நின்று அடித்தார். பனி தோலைத் தளர்த்தியதும் அடியை முடித்து, மறுபடி நெருப்புக்குப் போனார்.

அந்த இடைவெளியைத்தான் இன்று மேடைக்காரர்கள் வீண் நேரம் என்கிறார்கள். எனக்கு அது வாசிப்பின் பாதி. சொல்கிறேன், வாசிப்பின் பாதி. காய்ச்சக் காய்ச்ச ஒலி மாறும், தளரத் தளர மாறும். அந்த மாற்றத்தைக் கேட்டு அடியைத் தேர்கிறவனே ஆட்டக்காரன். ஃபைபர் தோல் அந்தி முதல் விடியல் வரை ஒரே ஒலியைத் தரும். அதில் கேட்கப் பழகிய காதுக்கு என்ன வேலை?

விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பறைக்குழுவை அழைத்தால் ஒலிபெருக்கியைக் குறைத்துக்கொள்ளுங்கள். மேடை ஓரத்தில் நெருப்பு மூட்ட இடம் விடுங்கள். தோல் காயும் வரை காத்திருங்கள்.