வலிக் குளிசைக்கும் அளவு உண்டு
(மன்னார், உப்புக்குளத்தில் தொழிலாளர் குடும்பங்கள் முன் ஆற்றிய உரை)



நம் முன்னோர் தோணியில் வந்திறங்கி, மலைநாட்டுக்குக் கால்நடையாகப் புறப்பட்டது இந்த மன்னார்க் கரையிலிருந்துதான். அன்று தொட்டு உடம்பு நோவு நமக்குப் புதிதல்ல. மலையில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். இங்கே உப்பளத்துக்கு ஒருநாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அதனால்தான் குளிசையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறோம். அதைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. அளவு மிஞ்சினால் என்ன செய்வது என்று சொல்லவே வந்தேன்.

புரூபன், டைக்ளோபெனக், மெபனமிக் அசிட் மூன்றும் பெயரில்தான் வேறு, ஒரே குடும்பம். கடையில் ஒன்று, டிஸ்பென்சரியில் ஒன்று, பக்கத்து வீட்டில் ஒன்று என்று சேர்த்துப் போடாதீர்கள். வைத்தியர் சொல்லாமல், பெரியவர்கள் 400 மில்லிகிராம் புரூபன் நாளுக்கு மூன்றுக்கு மேல் போடக்கூடாது. வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் போட்டால் சிறுநீரகம் கெடும். காய்ச்சலுக்கு இவற்றைத் தொடவே வேண்டாம். டெங்கு என்றால் இரத்தக்கசிவு கூடும்.

அளவு மிஞ்சினால் வயிற்றுவலி, வாந்தி, தலைச்சுற்று, காதில் இரைச்சல், தூக்கக்கலக்கம் வரும். வலிப்பு, நினைவிழப்பு, மூச்சுத்திணறல், கறுப்பு மலம், இரத்த வாந்தி, சிறுநீர் குறைதல் என்றால் உயிராபத்து.

அடையாளம் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போகலாம். மயங்கியவரை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊட்டாதீர்கள். குளிசை உறையைக் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள்.

இந்தக் குளிசைகளுக்கு மாற்றுமருந்து இல்லை. நேரத்தோடு போனால், வயிற்றில் உள்ளதை உறிஞ்சும் கரிமருந்து கொடுப்பார்கள். சேலைன் ஏற்றி, சிறுநீரகத்தைக் கவனிப்பார்கள். கூடவே பனடோலும் போட்டிருந்தால் மறைக்காதீர்கள். அது முதல்நாள் ஒன்றும் காட்டாது, பிறகு ஈரலைக் கெடுக்கும். அதற்கு மாற்றுமருந்து உண்டு. எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும்.

மனம் நொந்து ஒரு பிள்ளை வேண்டுமென்றே விழுங்கியிருந்தால், ஏன் என்று கேட்டுத் திட்டாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரி. பேச்சு பிறகு, அன்போடு.

நோவோடு வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை மாற வேண்டும். சம்பளத்தோடு நோய் விடுமுறை கேட்பது அதற்காகத்தான். அது கிடைக்கும்வரை, ஒருவர் உடம்பை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.